திங்கட்கிழமை மாத்திரை

ரோஸ் கலர் என்றுதானே சொன்னாள்? சத்திரம் பஸ் ஸ்டாண்டில் லால்குடி பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அப்பாடா என்று முதுகைச் சாய்த்த பிறகுதான் அம்மா சொன்னது மங்கையர்க்கரசியின் காதில் விழுந்தது. சொன்னது எட்டேகாலுக்கு. விழுந்தது ஒன்பதுக்கு. முக்கால் மணி நேரம் அந்த வார்த்தை எங்கே சுற்றிக்கொண்டு கிடந்ததோ. உறையூர் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்தபடி, உள்ளங்கையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "என்னடி இது, ரோஸ் கலரா இருக்கு?" என்றாள் அம்மா. "வாயத் தொறந்து முழுங்கும்மா, எனக்கு பஸ்ஸு போயிரும்" என்றாள் இவள். என்றாள் என்ன என்றாள், கத்தினாள். எதிர்வீட்டுப் புஷ்பம் டீச்சர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தித் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினாள். அம்மா வாயில் போட்டு, இரண்டு மடக்கு வெந்நீர் குடித்து, நாக்கைத் தூக்கிக் காட்டினாள், ஒன்றாம் கிளாஸ் பிள்ளை மாதிரி. அப்படிக் காட்டச் சொல்லிப் பழக்கியதும் இவள்தான். அம்மாவுக்குக் காலையில் மொத்தமே இரண்டு மாத்திரை. தைராய்டுக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று. இரண்டும் வெள்ளை. மங்கை கைபடுகிற உலகத்தில் ரோஸ் கலர் மாத்திரை ஒரே ஒருத்திக்குத்தான் உண்டு. மாமியாருக்கு. சர்க்கரை மாத்திரை. அம்மாவுக்குச் சர்க்கரை கிடையாது.

இருக்காது. அம்மா சொல்வதையெல்லாம் ஒரு பேச்சாக எடுத்துக்கொள்ள முடியுமா? போன வாரம் பாலில் மண்ணெண்ணெய் வாடை என்றாள். அதற்கு முந்தின வாரம் ஃபேன் தப்பான பக்கம் சுற்றுகிறது என்றாள். மெடிக்கல்காரன் வேறு மாத்திரை கொடுத்தபோது இது நம்முடையது இல்லடி என்று இரண்டு நாள் முனகினாள். அப்போது மெடிக்கல்காரன் கம்பெனி மாற்றித்தான் கொடுத்திருந்தான். அம்மா சொன்னது சரிதான். ஐயோ, அது சரிதான். ஆனால் இன்றைக்கு டப்பா மாற வழியே இல்லையே. இரண்டு டப்பாவும் ஒரே மெடிக்கலில் ஒரே நாளில் வாங்கியவை, ஏழு கட்டம், ஏழு மூடி, அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும், அதனால்தான் அம்மாவுடையதற்குப் பச்சை ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் உறையூரிலிருந்து காலி டப்பாவை எடுத்து வருவாள். மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுச் சாய்ந்த பிறகு, சாப்பாட்டு மேஜையில் இரண்டு டப்பாவையும் வரிசையாக வைத்து அட்டையைப் பிய்த்துப் பிய்த்துப் போடுவாள். பெற்றவளுக்கு ஏழு நாள், கட்டினவனைப் பெற்றவளுக்கு ஏழு நாள். கதிரேசன் அந்தப் பக்கமாகத் தண்ணீர் குடிக்க வரும்போது, "பெரிய கம்பவுண்டர்தான் போ" என்று சிரித்துவிட்டுப் போவார். பெற்ற பிள்ளை அவர். அவருடைய அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை என்ன கலர் என்று கேட்டால் முழிப்பார். நேற்றும் அப்படித்தான் நிரப்பி, மூடி, ரப்பர் பேண்டு போட்டு, இரண்டையும் பிரிட்ஜ் மேல் வைத்தாள். காலையில் ரப்பர் பேண்டு போட்டதைப் பார்த்து எடுத்து... எடுத்து என்ன? ரப்பர் பேண்டைப் பார்த்தாளா? கைப்பையில் டப்பா இருந்தது, அதில் ரப்பர் பேண்டு இருந்ததா? ரப்பர் பேண்டு சாம்பார் தூக்கில் இருந்தது. தூக்கின் மூடிக்கொக்கி உடைந்து ஒரு மாதமாகிறது. சாம்பார் பையில் கொட்டிவிடக் கூடாதே என்று கைக்கு அகப்பட்ட ரப்பர் பேண்டை உருவி மூடியோடு சேர்த்து மாட்டினாள். அம்மாவுக்குச் சாம்பார் கொண்டுபோக அம்மாவின் டப்பாவிலிருந்தே உருவினாள். வேறு யார் செய்வார்கள் இந்தக் காரியத்தை? ஒரு அம்மாவை வைத்திருக்கிறவளுக்கு ஒரு டப்பா. அவளுக்கு இந்தத் தப்புச் செய்யக்கூட வழி கிடையாது.

பஸ் கிளம்பிவிட்டது. முன்சீட்டுப் பெண் காவிரியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டாள். தண்ணீர் குறைவு, மணல் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சஷ்டி. மாமியார் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, விரதம் என்று டிபனைத் தொடவில்லை. பதினொரு மணிக்கு ஹாலில் உட்கார்ந்திருந்தவள் ஏதோ உளறினாள், மங்கையைப் பார்த்து நீ யாருடி என்றாள், நெற்றியில் பொடிப்பொடியாய் வேர்வை, கை நடுங்கியது, அப்படியே சோபாவில் சரிந்தாள். கதிரேசன் லீவு போட்டு வீட்டில் இருந்ததால் பிழைத்தாள். தூக்கிக்கொண்டு ஓடினார். "இன்னும் அரை மணி கழிச்சு வந்திருந்தா நான் கேரண்டி சொல்லியிருக்க மாட்டேன்" என்றார் டாக்டர். மூன்று நாள் ஆஸ்பத்திரி, நாத்தனார் திருப்பூரிலிருந்து வந்து ஒரு பகல் உட்கார்ந்துவிட்டுப் போனாள், அதை மாமியார் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், என் மக ஓடி வந்தா பாரு என்று. அந்த மூன்று நாளும் ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடந்தது யார் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. போகட்டும். இப்போது அதுவா முக்கியம்? எட்டேகாலுக்கு மாத்திரை. அம்மா காலையில் என்ன சாப்பிட்டாள்? ஒரு இட்லி. ஒன்றுகூட இல்லை. ஒன்றைப் பிய்த்துப் பாதியைத் தட்டு ஓரமாக ஒதுக்கினாள். "ஏம்மா இப்படிக் கோழி கொத்துற மாதிரி கொத்துற?" என்று அதற்கும் ஒரு சத்தம். நிறையச் சாப்பிட்டால் நிறைய எழுந்து போக வேண்டும், வாக்கரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை தனியாகப் போக வேண்டும், அதனால்தான் சாப்பிடுவதில்லை என்று மங்கைக்குத் தெரியும். தெரிந்தேதான் கத்துகிறாள். அரை இட்லி, ஒரு சர்க்கரை மாத்திரை, எட்டேகால். ஒன்பதேகால், பத்தேகால், விரல் மடக்கிப் பார்த்தாள், மடக்கின விரலைத் திரும்பப் பிரிக்கவில்லை.

போன் பண்ணு. இதென்ன யோசனை, போன் பண்ணு. யாருக்கு? அம்மாவிடம் ஒரு பட்டன் போன் இருக்கிறது, டிவி ஸ்டாண்டில் சார்ஜரில் கிடக்கும். அது அடித்தால் அம்மா வாக்கரைத் தேடி, எழுந்து, நாலு எட்டு வைப்பதற்குள் நின்றுவிடும். அடுத்த தடவை அடிக்குமோ என்று அம்மா அங்கேயே நிற்பாள், நின்று தலை சுற்றினால்? போன வருஷம் இடுப்பெலும்பு உடைந்ததே இந்த மாதிரி போனுக்கு ஓடித்தான். அப்போது கூப்பிட்டதும் மங்கைதான், சாப்பிட்டியாம்மா என்று கேட்க. புஷ்பம் டீச்சருக்குச் சொல்லலாம். டீச்சர் நல்ல மாதிரி. ஆனால் உள்ளே போக முடியாது. வீடு வெளியே பூட்டியிருக்கிறது. இரண்டு தடவை அம்மா கேஸைத் திறந்துவிட்டுப் பற்ற வைக்க மறந்தாள், ஒரு தடவை கதவைத் திறந்துபோட்டுத் தூங்கினாள், அதிலிருந்து பூட்டிவிட்டுப் போகிறாள். பெற்ற தாயை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு ஆபீஸ் போகிறாள் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள், பேசட்டும், அவர்கள் யாராவது வந்து உட்காரட்டுமே. பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று மங்கையின் கைப்பையில். இன்னொன்று புனேயில். தம்பி திருநாவுக்கரசிடம். போன தைக்கு வந்தவன் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு போனான். "டீச்சர்கிட்ட ஒண்ணு குடுத்து வைக்கட்டுமாடா" என்று கேட்டதற்கு, "வெளியாளுங்ககிட்ட வேணாங்க்கா, காலம் கெட்டுக் கெடக்கு" என்றான். வீடு அவனுடையது. மங்கைதான் எழுதிக் கொடுத்தாள், அதுவும் அவள் வேலை பார்க்கிற சார்பதிவாளர் அலுவலகத்திலேயே. அப்பா போன மறு வருஷம். தினம் நாலு பெண்கள் வந்து அண்ணனுக்கோ தம்பிக்கோ விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டு வைத்துவிட்டுப் போவார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார்கள், அவள் முகத்தைப் பார்க்காமல் விரலைப் பிடித்து மிஷினில் அழுத்துவாள். அன்றைக்கு அவள் விரலை வேறொருத்தி பிடித்து அழுத்தினாள். "நீங்களுமாக்கா?" என்றாள் அந்தப் பெண். "பொறந்த வீடுன்னு ஒண்ணு இருக்கணும்ல" என்றாள் மங்கை. பெருமையாகச் சொன்னாள், அதை நினைத்தால்தான் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. வீடு அவனுக்கு, சாவி அவனுக்கு, பெட்பான் கழுவுவது இவளுக்கு. அவன் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவான். அம்மா அன்றைக்கு மட்டும் தலை சீவிக்கொள்வாள். "அம்மா ஜம்முனு இருக்காங்களே" என்பான். ஜம்முனுதான் இருக்கிறாள், போ.

அம்மாவைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தால் இதெல்லாம் வருமா? வைத்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்து பதினோரு நாள். மாமியார் ஒரு சொல் கடிந்து பேசவில்லை, அதைச் சொல்ல வேண்டும். முதல் நாள் ஹார்லிக்ஸ் கலந்து கொடுத்தாள். நாலாம் நாள், "உங்களுக்கு இங்க வசதிப்படுதா சம்பந்தி, பாத்ரூம் தூரமாச்சே" என்றாள். ஏழாம் நாள், "தம்பி எப்ப வந்து கூட்டிட்டுப் போறாராம்?" என்றாள், சிரித்துக்கொண்டே, தேன் குழைத்த மாதிரி. அம்மாவுக்குப் புரிய அது போதும். ஆனால் மாமியார் மேல் மட்டும் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. அம்மாவே முதல் நாளிலிருந்து தொங்கலில்தான் இருந்தாள். சம்பந்தி வீட்டுச் சோற்றை மூன்று வேளையும் உட்கார்ந்து சாப்பிடுகிறோமே என்ற கூச்சம். மாப்பிள்ளை ஹாலுக்கு வந்தால் இடுப்பு உடைந்தவள் எழுந்து நிற்கப் பார்ப்பாள். மறு சோறு கேட்க மாட்டாள். தண்ணீர் கேட்க மாட்டாள், மங்கை ஆபீஸிலிருந்து வரும்வரை தொண்டை காய்ந்து கிடப்பாள். பதினோராம் நாள் சாயங்காலம் மங்கை வந்தபோது அம்மா சேலை மாற்றி, துணிமணியைப் பையில் திணித்துக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். "என்னைக் கொண்டுபோய் உறையூர்ல விட்ருடி. செத்தாலும் எம்புள்ள வீட்டுல சாகணும்" என்றாள். எம்புள்ள வீடு. அதில் பிள்ளை இருக்கிறானா என்று கேட்கத் தோன்றியது. கதிரேசன் ஆட்டோ கூட்டி வந்தார். "நான் போகச் சொல்லலையே, அத்தையே கெளம்புறாங்க. நீ தெனம் போய்ப் பாத்துட்டு வா, நான் என்னைக்காவது வேணாம்னு சொல்லியிருக்கேனா?" என்றார். சொல்லவில்லை. வேண்டாமென்று சொல்லாததே பெரிய உபகாரம் இந்தக் காலத்தில். காலை நாலரைக்கு எழுந்து இரண்டு வீட்டுக்கும் உலை வைப்பதற்கும் அவர் வேண்டாமென்று சொல்வதில்லை.

திருவானைக்கோவில் வந்துவிட்டது. கூட்டம் ஏறியது, பூக்கூடை ஒன்று தோளில் இடித்தது. இன்று முகூர்த்த நாள், ஆபீஸில் பத்திரம் குவிந்திருக்கும், பத்து மணிக்குள் சிஸ்டத்தைத் திறக்காவிட்டால் சார் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். போன மாதமே ஆறு நாள் லேட். "மதர்ங்கிறீங்க, உங்களுக்கு பிரதர் இருக்கார்ல மேடம்?" என்றார். இருக்கார் சார், வீடியோவில் இருக்கார். ஒன்பது இருபது. எட்டேகாலிலிருந்து ஒரு மணி ஐந்து நிமிஷம். ஏன் இன்னும் போன் பண்ணவில்லை? போன் கையில் இருக்கிறது. இவ்வளவு நேரமாக அதைத் திருப்பித் திருப்பி வேர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். நிச்சயம் தெரிந்துகொண்டு பண்ணலாம் என்று இருக்கிறாளாம். எப்படித் தெரியும்? வீட்டுக்குப் போன் போட்டு, அத்தை உங்க டப்பாவுல ரோஸ் மாத்திரை இருக்கா என்று கேட்டால் தெரிந்துவிடும். ஒரு நிமிஷ வேலை. கேட்டால்? டப்பாவை மாற்றி எடுத்துப் போய்விட்டாள், அம்மாவைப் பார்க்க ஓடுகிற ஓட்டத்தில் என்னைக் கொல்லப் பார்த்தாள். சாயங்காலம் கதிரேசன் வருவதற்குள் திருப்பூருக்குப் போய்ச் சேர்ந்துவிடும் செய்தி. அப்புறம் ஒருநாள், எதற்கோ, "ரெண்டு பக்கமும் பாக்க முடியலன்னா ஒரு பக்கத்த விட்ருடி" என்று வரும். எந்தப் பக்கத்தை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், சொல்ல வேண்டியதில்லை. ஆக, அந்த ஒரு பேச்சுக்குப் பயந்துகொண்டு, அங்கே ஒரு கிழவி பூட்டின வீட்டுக்குள் வேர்த்துக் கிடந்தாலும் பரவாயில்லை என்று காவிரிப் பாலத்திலிருந்து திருவானைக்கோவில் வரை கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். நீ ஒரு பெண்ணா? மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாயே, மத்தளமாவது அடித்தால் சத்தம் போடும்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை நினைக்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள், வாழைத்தார் ஏற்றின லாரி, சைக்கிளில் ஒரு ஆள், பார்த்தாலும் அது அங்கேயேதான் நின்றது. அம்மா இல்லாவிட்டால் நாளைக் காலை நாலரைக்கு எழ வேண்டியதில்லை. ஆறு மணிக்கு எழலாம். ஆபீஸ் விட்டு நேரே வீட்டுக்குப் போகலாம். சனிக்கிழமை என்று ஒரு கிழமை இருக்கும். சீச்சீ. யாராவது நினைப்பார்களா? நினைத்தாகிவிட்டது. இன்றைக்கு முதல் தடவையும் இல்லை. போன மாதம் அம்மா கட்டிலிலேயே மூத்திரம் போய்விட்டபோது, துடைத்துக்கொண்டே, எப்பம்மா எனக்கு விடியும் என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள், அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்காத மாதிரி இருந்தாள். மாமியாருக்கு இதே மாதிரி செய்யும்போது ஒரு நாளும் அப்படி வாயில் வந்ததில்லை. அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு, இருங்கத்தை, ஆச்சுத்தை, அவ்வளவுதான். அங்கே வராத கோபமெல்லாம் சேர்ந்து உறையூரில் வந்து கொட்டுகிறது. பெற்றவள்தானே, எங்கே போய்விடப் போகிறாள். பூட்டித்தானே இருக்கிறது. போன் பண்ணு, பாவி. கொள்ளிடம் பாலத்தில் பஸ் ஏறும்போது விரல் தானாக எண்ணைத் தொட்டது. தொட்ட பிறகுதான் எந்த எண் என்று பார்த்தாள். வீட்டு எண். உறையூருக்கு இல்லை, டீச்சருக்கு இல்லை. சாவது யாராக இருந்தாலும் முதலில் பதில் சொல்ல வேண்டியது அங்கேதான் என்று விரலுக்குக்கூடப் பழகிவிட்டிருந்தது.

"என்ன, அதுக்குள்ள ஆபீஸ் போயிட்டியா?" என்றாள் மாமியார். பின்னால் டிவி ஓடியது. "இல்லத்தை, பஸ்ல இருக்கேன். காலைல மாத்திரை போட்டீங்களா?" "எங்க போட? டப்பாவத் தொறந்தா ரெண்டு வெள்ளையா கெடக்கு. என் ரோஸக் காணோம். இது நம்மளது இல்லையேன்னு அப்படியே மூடி வச்சுட்டேன். கதிரேசன எழுப்பி, பழைய அட்டையத் தேடச் சொல்லி, அதுலேர்ந்து பிச்சுப் போட்டுக்கிட்டேன். கண்டதை எடுத்து முழுங்கறதுக்கு எனக்கென்ன தலையெழுத்தா?" பாலத்துக் கம்பிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் ஓடின. "அப்ப என்னோடது எங்க போச்சு? உங்கம்மாவுக்குப் போயிருச்சா?" என்றாள் மாமியார், கெட்டிக்காரி. "இல்லத்தை, டப்பா மாறிடுச்சு, அம்மா இன்னும் போடல" என்றாள் மங்கை. எதற்காக அந்தப் பொய் என்று அவளுக்கே தெரியவில்லை. அம்மாவின் மானத்தைக் காப்பாற்றவா, தன் மானத்தையா. "நல்லவேளை. போட்டிருந்தாலும் அவங்க என்ன கண்ணு தெரியாதவங்களா, கலரு மாறியிருந்தா பாத்துச் சொல்ல மாட்டாங்களா?" என்றாள் மாமியார். நியாயமாகத்தான் சொன்னாள். குத்திக்கூடச் சொல்லவில்லை.

டோல்கேட்டில் இறங்கிவிட்டாள். கண்டக்டர் ஏதோ சொன்னார், காதில் வாங்கவில்லை. ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்று டீச்சருக்கு அடித்தாள். "டீச்சர், அம்மாவுக்கு மாத்திரைய மாத்திக் குடுத்துட்டேன், சர்க்கரை மாத்திரை, மயக்கம் வந்துரும், சீனித் தண்ணி, ஜன்னல் தொறந்துதான் இருக்கு, கட்டில் ஜன்னல்கிட்டதான் டீச்சர்..." டீச்சர் முப்பது வருஷம் பிள்ளைகளைக் கட்டி மேய்த்தவள், ஏன் எப்படி என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. "போனை வைக்காத" என்றாள். செருப்புச் சத்தம் கேட்டது, கேட் திறக்கிற சத்தம், டம்ளரில் ஸ்பூன் சுற்றுகிற சத்தம், அது நிற்கவே நிற்காதோ என்று இருந்தது. ஆட்டோக்காரர் ஒருவர் எங்கம்மா என்றார், உறையூர் என்று ஏறி உட்கார்ந்தாள், எவ்வளவு என்று கேட்கவில்லை. "சுந்தரிம்மா! சுந்தரிம்மா, இந்தப் பக்கம் பாருங்க!" பதில் இல்லை. ஆட்டோ கிளம்பியது. மறுபடியும் கூப்பிட்டாள் டீச்சர், கம்பியில் டம்ளரால் தட்டினாள், மங்கை வேண்டிக்கொண்டாள், முருகா, நான் நினைச்சதெல்லாம் நெசம் இல்ல, ஆறு மணிக்கு எழுந்திருக்க வேண்டாம், மூணு மணிக்கு எழுந்திருக்கிறேன், ரெண்டு மணிக்கு. "முழிச்சிட்டாங்க" என்றாள் டீச்சர். "வேர்த்து ஊத்துது. கையெல்லாம் ஆடுது. மெதுவா, மெதுவா, குடிங்க, சேலைல சிந்துனா சிந்தட்டும்." "பூட்டை உடைக்கச் சொல்லுங்க டீச்சர், தெருவுல யார் இருந்தாலும் கூப்பிட்டு உடைக்கச் சொல்லுங்க" என்றாள் மங்கை. தம்பியின் பூட்டு. உடைந்தால் உடையட்டும். "சொல்லியாச்சு, வெல்டிங் கடைக்காரரு வராரு. பாதி டம்ளர் உள்ள போயிருக்கு, பேசறாங்க, நீ பதறாம வா, வந்ததும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிருவோம்." பிறகு டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மங்கை, நான் கேட்டேன், மாத்திரை வேற மாதிரி இருந்துச்சே, பாக்கலையா சுந்தரிம்மான்னு. பாத்தாங்களாம். இரு, உங்கிட்ட பேசணுங்கறாங்க, கம்பி வழியா நீட்டுறேன்."

மூச்சுதான் முதலில் வந்தது, வேகமாக. அப்புறம் அம்மாவின் குரல், நாக்கு ஒட்டிக்கொண்ட மாதிரி. "மங்கை. ஆபீஸுக்கு லேட்டாயிருச்சா?" ஆட்டோ கொள்ளிடம் பாலத்தில் திரும்ப ஏறிக்கொண்டிருந்தது. "அது என்னோடது இல்லன்னு தெரியும்டி. ஒரு தடவ சொன்னேன். நீ பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னே. சரி, ஒரு நாளைக்கு முழுங்கினா என்ன ஆயிரப்போகுதுன்னு முழுங்கிட்டேன்." மங்கை போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு எதுவும் பேச வரவில்லை. அந்த மௌனத்தை அம்மா என்னவென்று எடுத்துக்கொண்டாளோ, குரலை இன்னும் சின்னதாக்கிக்கொண்டாள்.

"கத்தாதடி" என்றாள். "டீச்சர் நிக்கிறாங்க."